மருதடிக் கல்

அக்கராயன்
08.10.2024

அன்புள்ள தம்பி நிஷாந்தனுக்கு, அக்கா விமலேஸ்வரி எழுதுவது.

உன் இடுப்பு நோ எப்படி? எனக்குச் சுகம் என்று எழுதினால் பொய். சுகமில்லை என்று எழுதினால் நீ அங்கே சாப்பிடாமல் கிடப்பாய். ஆகையால் நடமாடித் திரிகிறேன் என்று வைத்துக்கொள். ஷெல் சத்தத்தில் போன வலது காது போனதுதான். இடது காதுக்குப் பக்கத்தில் வந்து நின்று கத்தினால் மட்டும் கேட்கிறது. போனில் நீ கதைப்பது வெறும் இரைச்சல். போனில் எழுதி அனுப்பு என்றால், எனக்கு அதைத் திறக்கத் தெரியாது, பக்கத்து வீட்டுப் பொடியன் லக்ஷனிடம் கொடுத்து வாசிக்க வைக்க வேண்டும். அவன் வாசித்தால் அன்றைக்கே சந்திக் கடைக்குப் போய்விடும். எங்கள் இரண்டு பேருக்கும் இந்தக் கடிதம்தான் கதி.

விசயத்துக்கு வருகிறேன். அத்தான் இருந்தவரை வயல் பக்கம் நான் எட்டிப் பார்த்ததில்லை. அவர் போன பிறகு நான்தான் வரம்பு சுற்றுகிறேன். போன சனிக்கிழமை வாய்க்கால் துப்புரவு பார்க்கப் போனேன். என் வயலுக்கும் உன் வயலுக்கும் நடு வரம்பில் நிற்கிற மருதமரத்தடியில் ஒரு கல். கல்லுக்குச் சிவப்புப் பாவாடை கட்டியிருக்கிறது. முன்னால் வாழையிலையில் சோறு, கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை. புரட்டாசிச் சனியில், பிள்ளையார் கோவிலுக்கு ஐம்பது அடி தள்ளிக் கருவாடு! வடிவம்மா சாம்பிராணி போட்டுக்கொண்டு நிற்கிறாள். அவள் புருசன் ஆண்டியப்பன் கண்ணை மூடிக் கும்பிடுகிறான். உன்னுடைய இரண்டு ஏக்கரைக் குத்தகையும் இல்லாமல் நீ செய்யக் கொடுத்த, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த சனம் செய்கிற காரியம் இது.

நான் போன வருடம் தீட்சை கேட்டு மீன் இறைச்சியை விட்டவள். மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். வந்து பார்த்தால் சிவப்பிப் பசுவின் கன்று செத்துப் பிறந்து கிடக்கிறது. கோவில் செயலாளர் ராஜரத்தினத்தாரிடம் சொன்னேன். "உது சூனியம் பிள்ளை. உப்பிடிக் கல்லுக்குக் கீழை செப்புத் தகடு இருக்கும். உன்ரை பேர் எழுதித் தாட்டிருப்பினம்," என்றார்.

காணி உன்னுடையது. ஆகவே நீதான் சொல்ல வேண்டும். கல்லை எடுக்கட்டும், இல்லாவிட்டால் காணியை விட்டுப் போகட்டும்.

குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

உன் அக்கா


பேர்ண்
02.11.2024

அன்பின் அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. சிவப்பியின் கன்றை நினைக்கக் கவலையாக இருக்கிறது. என் இடுப்பு அப்படியேதான். ஆஸ்பத்திரிக் குசினியில் பெரிய சட்டிகளைத் தூக்கித் தூக்கி வந்த நோ, சட்டி இருக்கும்வரை இருக்கும். நீங்கள் காதுக்கு மருந்து விடுகிறீர்களா?

அவர்களுடைய கும்பிடு அவர்களுக்கு, அக்கா. அம்மா செத்த எட்டாம் நாள், எட்டுச்செலவுக்கு நீங்கள்தான் மீன் குழம்பும் பொரியலும் ஆக்கிப் படைத்தீர்கள். அம்மா பத்துகிற சுருட்டையும் இலையில் வைத்தீர்கள். எனக்கு ஏழு வயது. அந்த மீனில் ஒரு துண்டு கேட்டு அடி வாங்கியதால் மறக்கவில்லை. அம்மாவுக்கு மீன் வைத்தது எங்களுக்குப் பிழையாகப் படவில்லையே.

மரத்தடியை அப்படியே விட்டுவிடுங்கள். அவர்களிடம் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

அந்த இடத்தில் புல்லுச் செருக்கித் துப்புரவாக வைத்திருந்தார்களா? பாவாடை புதிதா?

உங்கள் தம்பி
நிஷாந்தன்


அக்கராயன்
05.12.2024

அன்புள்ள தம்பிக்கு,

உயிரோடிருக்கிறேன். இங்கே அடித்த மழையை நீ செய்தியில் பார்த்திருப்பாய். வாய்க்கால் உடைத்து என் வயல் முழுக்க வெள்ளம். விதைத்து ஒன்றரை மாதப் பயிர், ஐந்து நாளாகத் தண்ணீருக்குள் கிடந்து அழுகிவிட்டது. உன் வயல் தப்பிவிட்டது. அது மேட்டுப் பக்கம் என்று சொல்வாய். மேடு போன வருடமும் அங்கேதான் இருந்தது, போன வருடம் என் வயல் தாழவில்லை.

எட்டுச்செலவைக் கொண்டுவந்து எனக்குப் பாடம் படிப்பிக்கிறாய். அது செத்த மனிசருக்கு வீட்டுக்குள் செய்வது. கல்லுக்கு எதற்குக் கருவாடு? கல்லு வந்து கேட்டதா? பாவாடை புதிதா என்று வேறு கேட்டிருக்கிறாய். குளிரில் அறிவும் உறைந்துவிட்டது போல.

வெள்ளம் குசினிக்குள் வந்த அன்று எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கட்டிலில் கிடந்தேன். வடிவம்மாதான் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, என் கையைப் பிடித்து இழுத்து, இடுப்பளவு தண்ணீருக்குள்ளால் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். அதை மறைக்கக்கூடாது, எழுதுகிறேன். அடுத்த நாள் கஞ்சி கொண்டுவந்தாள். எந்தச் சட்டியில் என்னத்தைக் காய்ச்சினாளோ, நான் தொடவில்லை. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வேறு விசயம். கண்டாவளையில் ஒரு பிள்ளை இருக்கிறாள். பெயர் வினோஜா. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். சாதகம் பொருந்துகிறது. உனக்கு முப்பத்தெட்டு முடிகிறது. நானும் பத்து வருடமாகக் கேட்கிறேன், நீயும் பத்து வருடமாகக் கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாய் இருக்கிறாய். இந்த முறை சரியோ பிழையோ ஒரு பதில் எழுது.

காணி விசயத்துக்கும் பதில் எழுது.

உன் அக்கா


பேர்ண்
08.01.2025

அன்பின் அக்காவுக்கு,

பொங்கல் வருகிறது. வயல் அழிந்த வருடத்தில் என்ன பொங்கல் என்று நீங்கள் சொல்வது எனக்கு இங்கே கேட்கிறது. என்றாலும் ஒரு பிடி அரிசி போட்டுப் பொங்குங்கள்.

இது நான்காவது தாள். மூன்றை எழுதிக் கிழித்துவிட்டேன்.

வினோஜாவுக்கு நல்ல இடம் அமையட்டும். என்னைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காணி அவர்களிடமே இருக்கட்டும். ஏன் என்று கேட்காதீர்கள். ஊருக்கு வரும்போது சொல்கிறேன்.

வெள்ளத்துக்குள் உங்களைக் கொண்டுபோன வடிவம்மா மாமிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். அந்தக் கஞ்சியைக் குடித்திருக்கலாம், அக்கா.

உங்கள் தம்பி
நிஷாந்தன்


அக்கராயன்
30.01.2025

அன்புள்ள தம்பிக்கு,

அவள் உனக்கு எப்போதிருந்து மாமி? கண்ட கண்ட ஆட்களை மாமி என்று எழுதாதே. தபால்காரன் பிரித்து வாசித்தால் சிரிப்பான்.

ஊருக்கு வரும்போது சொல்கிறேன் என்கிறாய். போய்ப் பதின்மூன்று வருடம். நீ எப்போது வர, எப்போது சொல்ல? கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஆகவே நானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்.

பிள்ளையார் கோவிலுக்கு மாசியில் சங்காபிசேகம். அதற்கு முதல் சுற்றாடலைத் துப்புரவாக்க வேண்டும் என்று சபை கூடியது. மருதடிக் கல் பேச்சு வந்தது. அது பொது வரம்பு, இரண்டு பக்கக் காணிக்காரரில் ஒருவர் கையெழுத்து வைத்தால் எடுக்கலாம் என்றார் ராஜரத்தினத்தார். நான் வைத்துவிட்டேன். வருகிற ஒன்பதாம் திகதி ஞாயிற்றுக்கிழமை எடுக்கப்போகிறார்கள்.

நான் ஒளித்துச் செய்கிறவள் இல்லை. வடிவம்மாவிடம் நேரே போய்ச் சொன்னேன். அவள் என் இடது பக்கம் வந்து நின்றாள். "அத மட்டும் கேக்காதீங்கம்மா. வேற என்ன சொன்னாலும் செய்யிறோம். அங்கன கருவாடு வைக்க வேணாம்னா வைக்கல. கல்ல மட்டும் விட்டுருங்க," என்றாள். "கல்லுக்குக் கீழை என்ன இருக்கு?" என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்று சொல்வதுதானே? எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. தகடு இருக்கிறது.

எனக்கு இது சந்தோசமில்லை. இருபது வருடம் பக்கத்தில் இருந்த சனம். ஆனால் செத்த கன்றையும் அழுகின பயிரையும் பார்த்த பிறகும் நான் பேசாமல் இருந்தால் நான் மடைச்சி.

அடுத்த கடிதத்திலாவது கிழிக்காத தாளை அனுப்பு.

உன் அக்கா


அக்கராயன்
16.02.2025

தம்பி,

சுகம் கேட்டு எழுதக் கை வரவில்லை.

ஒன்பதாம் திகதி காலையில் நாலு பேர் அலவாங்கோடு வந்தார்கள். ஆண்டியப்பன் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனை விலத்திவிட்டுக் கல்லைப் பிரட்டினார்கள். கீழே வெறும் மண். "அவ்வளவுதான், இனிப் போவம்," என்றான் ஒருவன். நான்தான் விடவில்லை. தகடு ஆழத்தில்தான் இருக்கும், வெட்டுங்கோ என்று நான்தான் சொன்னேன். இதை நீ வேறு எவர் வாயாலும் கேட்கக்கூடாது என்று எழுதுகிறேன்.

மூன்றடியில் துணி வந்தது. பிறகு ஒரு கை எலும்பு.

ராஜரத்தினத்தார் செருப்பையும் விட்டுவிட்டு ஓடினார். யாரோ பொலிசுக்குப் போன் அடித்தார்கள். மஞ்சள் நாடா கட்டினார்கள். அடுத்த நாள் நீதவான் வந்தார், டொக்டர் வந்தார். தூரிகையால் மண்ணைத் தட்டித் தட்டி எல்லாவற்றையும் எடுத்தார்கள். கடதாசிப் பைகளில் போட்டார்கள். பைகளைப் பெட்டியில் வைத்து மேலே ஒரு இலக்கம் எழுதினார்கள். ஆண்டியப்பனை ஏற்றிக்கொண்டு போய் இரண்டு நாள் விசாரித்தார்கள். யாரை ஏன் தாட்டாய், யாருக்கு ஒளித்தாய் என்று.

அது அவர்களுடைய மகள். ராஜினி. இரண்டாயிரத்தெட்டில் இடம்பெயரும்போது ஷெல் பட்டுச் செத்தவள். வயது இருபது. அந்த நேரம் நானும் அத்தானும் சாமான் ஏற்றிய முதல் ரக்டர் பெட்டியோடு தர்மபுரம் போய்விட்டோம். திரும்பி வந்து கேட்டபோது "பிள்ளை செத்துப்போச்சு" என்று மட்டும் சொன்னார்கள். எங்கே எப்படி என்று நான் கேட்கவில்லை. எல்லா வீட்டிலும் செத்திருந்தார்கள், அந்த நேரம் எவரும் எவரிடமும் அதற்கு மேல் கேட்கவில்லை.

கல்யாணமாகாமல் செத்த பிள்ளையை அவர்கள் கன்னிசாமி என்று கும்பிடுவார்களாம். வீட்டுக்கும் வயலுக்கும் காவலாம். இடத்தை விட்டு அசைக்கக்கூடாதாம். வெளியில் தெரிந்தால் பொலிஸ் தோண்டும் என்ற பயத்தில் வாயே திறக்கவில்லை. பிள்ளை கடைசியாகக் கேட்டது கருவாட்டுக் குழம்பும் சோறும். அதைத்தான் வருடா வருடம் வைத்திருக்கிறார்கள்.

பெட்டியை ஏற்றும்போது வடிவம்மா அழவில்லை. என் இடது பக்கத்துக்கு வந்து, காதுக்குக் கிட்ட, கத்தாமல் கேட்டாள். "தகடு தேடுனீங்களே, கெடச்சிருச்சாம்மா?"

எனக்கு அது கேட்டது.

அக்கா


பேர்ண்
19.02.2025

அக்கா,

உங்கள் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. ஒன்பதாம் திகதி என்று எழுதியிருக்கிறீர்கள். இன்று பத்தொன்பது. ஏதாவது தடங்கல் வந்து நின்றிருக்கலாம் என்ற நப்பாசையில் எழுதுகிறேன். ஆண்டியப்பன் ஐயாவின் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுக்கிறார் இல்லை.

கல்லைத் தொடவேண்டாம். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். அங்கே தகடு இல்லை. அங்கே ஆள் இருக்கிறது.

நிஷாந்தன்


அக்கராயன்
09.03.2025

தம்பி,

உன் கடிதம் வந்தது. நான் எழுதியது அந்த நேரம் உனக்குக் கிடைத்திருக்காது. இரண்டும் வழியில் ஒன்றையொன்று கடந்து போயிருக்கிறது.

"அங்கே ஆள் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். உனக்கு எப்படித் தெரியும்?

இரண்டு நாளாக அதே ஒரு வரியைத் திருப்பித் திருப்பி வாசிக்கிறேன். பொலிஸ்காரர் ஆண்டியப்பனிடம் கேட்ட கேள்வியும் இதுதான். இவ்வளவு ஆழமான கிடங்கை ஷெல்லடிக்குள் ஒரு ஆள் தனியாக வெட்டேலாது, கூட நின்றது யார் என்று. தனியாகத்தான் வெட்டினேன் என்று அவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். நீ அந்தக் கிழமை நெல்லு மூட்டை ஏற்ற என்று பின்தங்கி நின்றாயே. நான்கு நாள் பிந்தித் தர்மபுரத்துக்கு வந்தபோது உன் சேட்டு முழுக்க மண். என்னடா இது என்று கேட்டதற்கு, ரக்டர் புதைந்துவிட்டது என்றாய். நானும் நம்பினேன்.

வடிவம்மாவின் இரத்தம் எடுத்திருக்கிறார்கள், பொருத்திப் பார்க்க. பொருந்தினால் மனுப் போட்டு எலும்பைத் திருப்பி எடுக்கலாமாம். எத்தனை மாதம் என்று ஒருவருக்கும் தெரியாது. வடிவம்மா இப்போது இந்தப் பக்கம் வருவதில்லை. வெளிக்கிட்டு ஸ்கந்தபுரத்துச் சொந்தக்காரரிடம் போகப் பார்க்கிறார்கள் என்று கேள்வி. ராஜரத்தினத்தார் என்னைக் கண்டால் மணி அடிக்க அவசரமாக உள்ளே போகிறார். ஊரில் இப்போது என் இடது காதுக்குள் கத்த எவரும் இல்லை. நாள் முழுக்க வீட்டில் ஒரு சத்தமும் இல்லாமல் இருக்கிறேன்.

நான் அவசரப்பட்டேன். ஆனால் நீ அவசரப்பட வேண்டிய நேரத்தில் அவசரப்படவில்லை. பாவாடை புதிதா என்று கேட்கத் தெரிந்த உனக்கு, மிச்சத்தை எழுதத் தெரியவில்லையா?

பதில் எழுது. என்ன என்றாலும் எழுது.

அக்கா


பேர்ண்
27.04.2025

அன்பின் அக்காவுக்கு,

ஏழு கிழமை உங்களைக் காக்க வைத்துவிட்டேன். வேலைக்குப் போனேன், வந்தேன், படுத்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

கிடங்கு வெட்டியது நானும் ஆண்டியப்பன் ஐயாவும்.

ராஜினியும் நானும் இரண்டு வருடமாகக் கதைத்துக்கொண்டிருந்தோம். நூலகத்தில் தொடங்கியது, பிறகு வாய்க்கால் கட்டின் மேல். இயக்கத்தார் ஆயுதப் பயிற்சிக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று அவளை வெளியில் விடாமல் வைத்திருந்த காலம். சண்டை ஓய்ந்த பிறகு உங்களிடம் சொல்லலாம் என்று இருந்தேன். அது பொய். உங்களிடம் சொல்லாமல் எங்காவது போய்விடலாம் என்றுதான் இருந்தேன். அத்தானோடு ஒருநாள் ஏதோ வாக்குவாதத்தில், "தோட்டக்காட்டாரோடை ஒரு வாய் தண்ணி குடிப்பனோ?" என்று கேட்டீர்கள். நான் குசினி வாசலில் நின்றேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. நீங்கள் என்னை வளர்த்தவர். உங்களை எதிர்த்து நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

அன்று நெல்லு மூட்டை கட்ட அவளும் வந்தாள். ஷெல் வரம்பில் விழுந்தது. வயிற்றில் காயம். ஆஸ்பத்திரி ஏற்கெனவே இடம்பெயர்ந்துவிட்டது. பின்னேரம் வரை நல்ல நினைவாகக் கதைத்தாள். எத்தனையோ கிழமையாகப் பருப்பும் சோறும்தான் சாப்பிட்டவள், கருவாட்டுக் குழம்பு வேணும் என்றாள். மாமி வீட்டுக்கு ஓடினார். குழம்பு கொதிக்க முதல் முடிந்துவிட்டது. மாமி சட்டியோடு வந்து நின்றதை நான் பார்த்தேன்.

அவளுடைய சிவப்புப் பாவாடையை மாமி கொண்டுவந்தார். கல்லைத் தூக்கி வைத்தது நான். உங்களுக்குத் தெரியக்கூடாது என்று அவர்களிடம் சத்தியம் வாங்கியதும் நான்தான். ஐயா பொலிசில் அடி வாங்கினாலும் என் பெயரைச் சொல்லமாட்டார். அவர்கள் கொடுத்த சத்தியம் அது.

ஒக்டோபரில் நீங்கள் எழுதிய முதல் கடிதத்துக்கு "அங்கே ராஜினி இருக்கிறாள்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். எழுதினேன். கிழித்தேன். மறுபடி எழுதினேன், கிழித்தேன். பிழையில் பெரிய பங்கு என்னுடையது. அதை உங்கள் தலையில் விட்டுவிட்டு நான் இங்கே குளிருக்குள் ஒளிந்திருக்க முடியாது.

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆவணியில் வருகிறேன். கிடங்கு வெட்டியது நான் என்று சாட்சி சொல்வேன். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எலும்பைத் திருப்பிக் கேட்கிற மனுவோடு சத்தியக்கடதாசிகள் வைப்பார்கள் அல்லவா? அதில் என்னை அவளுடைய புருசன் என்று எழுதுங்கள். பதினாறு வருடமாக ஒருவரிடமும் சொல்லாததை ஒரு தாளிலாவது பார்க்கவேண்டும் போல இருக்கிறது. நீங்கள் எழுதினால்தான் எனக்கு அது எழுதினது.

காதுக்கு மருந்து விடுங்கள்.

நிஷாந்தன்


அக்கராயன்
15.06.2025

அன்புள்ள தம்பிக்கு,

கால் வீக்கம் கொஞ்சம் இருக்கிறது. மற்றப்படி சாப்பிடுகிறேன், நித்திரை வந்தால் கொள்கிறேன்.

தோட்டக்காட்டார் என்று நான் சொன்னது எனக்கு ஞாபகம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். இருக்கிறது. அப்படி எத்தனையோ தடவை சொன்னேன். நீ ஒரு தடவைதான் கேட்டாய்.

உன் கடிதத்தை இரண்டு நாள் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். பிறகு அதை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருடத்தில் அந்தப் படலையைத் திறந்தது அதுதான் முதல்தடவை. சாமான்கள் பாதி கட்டிக் கிடந்தன. ஆண்டியப்பனுக்கு வாசித்துக் காட்டினேன். உன் பெயரை நீயே எழுதிவிட்டாய், இனி அந்தச் சத்தியம் இல்லை என்றேன். அவர் துவாயால் முகத்தை மூடிக்கொண்டார். என் மேல் அவர்களுக்குக் கோபம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். போகவில்லை. மன்னிப்புக் கேட்டேன். வடிவம்மா "ம்" என்றார். அந்த "ம்" எனக்குக் கேட்கவில்லை, வாயசைவில்தான் தெரிந்தது.

போன கிழமை இரத்தம் பொருந்தியதாகக் கடிதம் வந்தது. மனுப் போடச் சட்டத்தரணியிடம் நானும் போனேன். வயல் வரம்பு என்னுடையதும் என்பதால் என்னுடைய சத்தியக்கடதாசியும் வேண்டுமாம். லிகிதர் படிவத்தைத் தந்து நிரப்பச் சொன்னார். "இறந்தவருக்கு என்ன முறை" என்று ஒரு இடம். நான் யோசிக்கவே இல்லை. "தம்பியின் மனைவி" என்று எழுதினேன். ஏதோ பெரிய கடமையைச் செய்து முடித்த மாதிரி இருந்தது. உனக்கு எழுதவேண்டும் என்று மனதுக்குள் வசனம்கூடக் கட்டிவிட்டேன்.

லிகிதர் அதை வடிவம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். அவர் கதிரையை விட்டு எழும்பி என் இடது பக்கம் வந்தார். நாலு மாதத்துக்குப் பிறகு முதல்தடவையாக என் காதுக்குள் கத்தினார்.

"அப்படி எழுதாதீங்கம்மா. தம்பி மனசு எங்களுக்குத் தெரியும். அது தங்கமான புள்ள. ஆனா எம்புள்ள கன்னியாப் போனவ. கட்டிக் குடுத்த பொண்ணுன்னா புருசன் வீட்டுக்குப் போயிருவா. அப்புறம் எங்களுக்கு யாரு நிப்பா?"

எனக்கு வாய் வரை வந்தது. செத்த பிள்ளை எங்கே போகிறது, வெறும் எழுத்துத்தானே, என் தம்பி பதினாறு வருடம் தனியாக இருந்தவன், அவனுக்கு இந்த ஒரு சொல்லையாவது விடக்கூடாதா என்று கேட்க வந்தது. நியாயமான கேள்விதான் என்று இப்போதும் தோன்றுகிறது. ஆனால் கல்லுக்கு எதற்குக் கருவாடு என்று உன்னிடம் கேட்டபோதும் எனக்கு அது நியாயமான கேள்வியாகத்தான் இருந்தது. எனக்கு விளங்காத ஒன்றை அவரிடமிருந்து ஒருமுறை தோண்டி எடுத்துவிட்டேன். இன்னொரு முறை ஏலாது, தம்பி.

வெட்டிவிட்டேன். நீ கேட்ட சொல்லை என் கையாலேயே எழுதி என் கையாலேயே வெட்டினேன். உனக்கு நோகும் என்று தெரிந்துதான் வெட்டினேன். கோபம் என்றால் என்னோடு கோபி. அவரோடு வேண்டாம். நீ ஆவணியில் வந்து சாட்சி சொல்லும்போது, பக்கத்துக் காணிக்காரன், பிள்ளையை அடக்கம் செய்யக் கூட நின்றவன் என்று மட்டும் சொல். உனக்கு அவள் யார் என்பது எனக்குத் தெரியும், அவளைப் பெற்றவர்களுக்குத் தெரியும். மூன்று பேர் போதும் என்று நினைத்துக்கொள். போதாதுதான். இருந்தாலும் நினைத்துக்கொள்.

அந்த இடத்தை வெறுமையாக விடேலாது என்றார் லிகிதர். ஏதாவது முறை எழுதவேண்டுமாம். "அயல்" என்று எழுதினேன். அந்தச் சொல்லுக்காவது நான் உரியவளா என்று வடிவம்மாவைக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், பக்கத்தில்தான் நின்றார். என்ன சொல்வாரோ என்ற பயத்தில் கையெழுத்தை வைத்துவிட்டு எழும்பிவிட்டேன்.

வந்து சேர்.

அக்கா